குல்லாவின் முன்பக்கம்

அக்டோபர் 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? இங்கே இருவருக்கும் உடம்புக்குக் குறையொன்றும் இல்லை. வீட்டில் இருப்பது ஒரே போன், அது உன் அத்தான் சட்டைப் பையில் இருக்கிறது. நான் பேசினால் எதிரில் உட்கார்ந்து கேட்பார். கடிதம் என்றால் தொல்லையில்லை. கோப்பு எண் இல்லாத காகிதத்தை அவர் தொடமாட்டார். எடை அளவு ஆய்வாளர் வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள், ஆனால் அவர் இன்னும் அதிலிருந்து வெளியே வரவில்லை.

வீடில்லாதவர்களுக்கு உங்கள் சங்கம் நடத்தும் குளிர்கால விடுதிக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். கம்பளிக் குல்லாக்களும் மஃப்ளர்களும். எல்லாம் மிச்ச நூல். தெருமுனை ஸ்வெட்டர் கடைக்காரர் கழித்துப் போடுவதை எனக்கு எடுத்து வைக்கிறார். பச்சையில் தொடங்கி ஊதாவில் முடிந்திருந்தால் அது அழகுக்கு இல்லை, பச்சை தீர்ந்துவிட்டது.

மஃப்ளர்களை யாருக்கு வேண்டுமானாலும் கொடு. குல்லாக்களைக் கவனி. நெற்றியில் சிவப்புக் கோடு இருக்கும், அதுதான் முன்பக்கம். இடது காதுமூடி வலதைவிட நாலு விரல் நீளம், இரட்டைப் பின்னல். தப்பு என்று நினைத்து வெட்டிவிடாதே. என் மகனின் காது உனக்கு நினைவிருக்கும், சின்ன வயதில் சீழ் வடிந்துகொண்டே இருந்த காது. அதற்காக ஒவ்வொரு குளிருக்கும் இப்படித்தான் பின்னிக் கொடுத்தேன். உலகத்தில் வேறு யாரும் இப்படிப் பின்னமாட்டார்கள். பார்த்தால் அவனுக்குத் தெரியும்.

அவன் வீட்டை விட்டுப் போய் இது மூன்றாவது குளிர்காலம். உங்கள் ஊர்ப் பக்கம் வரும் ரயிலில் ஏறியதைப் பார்த்தவர்கள் உண்டு. அதற்குமேல் ஒன்றும் தெரியாது. யாராவது அந்தக் குல்லாவைக் கையில் எடுத்து ஏதாவது சொன்னால், கேட்டால், வெறுமனே சிரித்தால்கூட எனக்கு எழுது. முகத்தை வைத்து நீ கண்டுபிடிக்க முடியாது. நீ கடைசியாகப் பார்த்தபோது அவனுக்கு மீசை இல்லை.

குளிரில் வெறும் காலோடு நடக்காதே.

அக்கா


அக்டோபர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் நலம். வானிலை அறிக்கையைவிட முன்னதாகச் சொல்கிறது. உன் கை விரல்களைப் பற்றி நீ எழுதவில்லை, அதனால் அவை வீங்கியிருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறேன்.

பார்சல் வந்தது. இங்கே வருகிற எதையும் நான் நேராக அலமாரியில் வைத்துவிட முடியாது. நான் வெறும் பண்டகக் காப்பாளன். முதலில் சீர்மைத் துணைக்குழு பார்க்க வேண்டும். குளிரில் கிடப்பவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் ஒரே சீராக இருக்கிறதா என்று பார்க்கும் குழு. குளிரும் ஒரே சீராக இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள், அது இன்னும் அமலுக்கு வரவில்லை.

தலைவியம்மா உன் குல்லாவை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "மனுஷனுக்கு ரெண்டு காதும் ஒரே அளவுதானே?" என்றார். ஆமாம் என்றேன். எனக்குத் தெரிந்தவரை அது உண்மை. துணைத்தலைவர் நெடுநேரம் யோசித்து, ஒரு காது பெரிதாக உள்ளவர்களுக்கு மட்டும் இவற்றை ஒதுக்கலாம் என்றார். அது குறிப்பில் ஏறியது. கடைசியில் எல்லாவற்றையும் 'பழுது' என்ற பெட்டியில் போடச் சொன்னார்கள்.

கவலைப்படாதே. பழுதுப் பெட்டி பின்வாசலில் இருக்கிறது. முன்வாசல் வரிசையில் நின்று பெயரும் ஊரும் சொல்ல விரும்பாதவர்கள் பின்வாசலுக்குத்தான் வருகிறார்கள். நீ தேடுகிறவன் அப்படிப்பட்டவனாகத்தான் இருப்பான் என்று எனக்குத் தோன்றுகிறது. நானே நின்று கொடுக்கிறேன். இதுவரை யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் அந்த நீளக் காதுமூடியில் பீடி வைத்துக்கொள்ளலாம் என்று மகிழ்ந்தார்.

அத்தானுக்கு என் வணக்கம். கோப்பு எண் இல்லாமல் சொல்லிவிடு.

தம்பி


அக்டோபர் 29

அன்புத் தம்பிக்கு,

நலமா? விரல்களைப் பற்றிக் கேட்காதே. வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் மடங்குகின்றன.

இன்னொரு பார்சல் வருகிறது. துணைக்குழு என்ன சொன்னாலும் நான் காதுமூடியை மாற்றமாட்டேன். மஃப்ளர்களை அவர்கள் விருப்பப்படி அளவெடுத்துப் பின்னியிருக்கிறேன், அவற்றை வைத்து அந்த அம்மாவைச் சமாதானப்படுத்து.

நூல் போதவில்லை. மேல்வீட்டுப் பெண்கள் கொடுத்ததும் தீர்ந்துவிட்டது. உன் அத்தானின் பழைய ஸ்வெட்டரைப் பிரித்துவிட்டேன். இரண்டு நாள் தேடினார். எங்கே என்று கேட்டார். துவைக்கப் போட்டிருக்கிறேன் என்றேன். மேசைமேல் அதே நூல் உருண்டையாக இருந்தது. பார்த்துவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. அவர் பிடித்துக் கொடுத்த வேலையை இவன் விட்டுவிட்டு வந்தான். அன்று கூடத்தில் அப்பாவும் மகனும். "இந்த வாசப்படிய இனிமே மிதிக்காத" என்றார் அவர். நான் அடுப்படியில் இருந்தேன். வெளியே வந்தபோது அவன் செருப்பு இல்லை. அவ்வளவுதான் நடந்தது.

அவனுக்குப் பிடிவாதம் சின்னதிலிருந்தே. குல்லாவைத் திருப்பித்தான் போட்டுக்கொள்வான். வாசலில் நான் நேராக்கி அனுப்புவேன். தெருமுனை திரும்புவதற்குள் சிவப்புக் கோடு பின்னந்தலைக்குப் போயிருக்கும். பள்ளிக்கூடமே சிரிக்கும். எத்தனை அடி வாங்கினாலும் அப்படித்தான். எதற்கு இதையெல்லாம் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

யாராவது ஏதாவது சொன்னார்களா?

அக்கா


நவம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் பார்சல்களும் நலமாக வந்து சேர்கின்றன. தபால்காரர் என்னைக் கம்பளி வியாபாரி என்று நினைக்கிறார்.

போன வாரம் வழங்கும் விழா நடந்தது. காலையிலிருந்து எல்லாரையும் முற்றத்தில் நிறுத்தினார்கள். விருந்தினர் வரத் தாமதம், அதனால் குளிர்நிவாரணம் கிடைக்கும்வரை அவர்கள் குளிரில் நின்றார்கள். மஃப்ளர்களை நிறவாரியாக அடுக்கி, ஆட்களை அதற்குப் பொருத்தமாக நிறுத்தி, படம் எடுத்தார்கள். சிவப்பு மஃப்ளர் கிடைத்த ஒரு பெரியவர் தும்மியதால் திரும்ப எடுத்தார்கள். உன் மஃப்ளர்கள் மிக நன்றாக இருப்பதாகத் தலைவியம்மா பேசினார். பின்னியவர் யார் என்று கேட்கவில்லை.

பின்வாசலில் குல்லாக்கள் எல்லாம் போய்விட்டன. இருட்டில் கை மட்டும் நீளும், எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் ஒவ்வொரு கையையும் பார்க்கிறேன். கையைப் பார்த்து என்ன தெரியும்? யாரும் ஒன்றும் சொல்லவில்லை அக்கா.

ஒன்று சொன்னால் கோபப்படக்கூடாது. இப்படி விடுதிகள் எத்தனை ஊரில் இருக்கின்றன! அவன் இந்த ஊரில் இறங்கினானா, இதைத் தாண்டிப் போனானா, தெரியாது. உன் விரல்கள் உன்னுடையவை. கொஞ்ச நாள் நிறுத்திப் பாரேன்.

இங்கே முதல் பனி விழுந்துவிட்டது.

தம்பி


டிசம்பர் 5

தம்பிக்கு,

நீ நலமாக இருப்பாய்.

நீ சொன்னது சரி, விடுதிகள் நிறைய இருக்கின்றன. அதனால் மற்ற ஊர்களுக்கும் அனுப்பத் தொடங்கிவிட்டேன். மூன்று இடத்திலிருந்து நன்றிக் கடிதம் வந்தது. மூன்றும் ஒரே வாசகம். நான் கேட்ட கேள்விக்குப் பதில் ஒன்றிலும் இல்லை. ஒரு இடத்திலிருந்து குல்லாவையே திருப்பி அனுப்பினார்கள், இரண்டு பக்கமும் பொருந்தவில்லை என்று ஒரு சீட்டு வைத்து.

இப்போது எழுதுவது வேறு. நேற்றுப் பேப்பரில் உங்கள் ஊர்ச் செய்தி. ஆற்றுப் பாலத்தடியில் குளிரில் விறைத்துக் கிடந்தவர், அடையாளம் தெரியவில்லை, இருபத்தைந்திலிருந்து முப்பது வயது இருக்கலாம், தலையில் கம்பளிக் குல்லா. அவ்வளவுதான் போட்டிருக்கிறார்கள். குல்லா என்ன நிறம் என்று போடவில்லை. ஒரு வரி கூடுதலாக எழுதினால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும்?

அத்தான் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு மடித்துத் தன் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். அவர் குளிக்கப் போனபோதுதான் எடுத்துப் பார்த்தேன். சோறு பொங்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

நீ போய்ப் பார். உன்னால் முடியாது என்று தெரியும். அப்பா போனபோதே நீ முகத்தைப் பார்க்கவில்லை. ஆனாலும் போ. இடது காதுமூடியைப் பார், போதும். முகத்தைப் பார்க்க வேண்டாம்.

அக்கா


டிசம்பர் 12

அக்கா,

அது அவன் இல்லை.

போன் செய்திருப்பேன். அத்தான் சட்டைப் பைக்குள் இதைச் சொல்ல மனம் வரவில்லை. அதனால் விரைவுத் தபால்.

குல்லா கடையில் வாங்கியது, காதுமூடியே கிடையாது. நம்பிக்கை வராமல் முகத்தையும் பார்த்தேன். ஐம்பதுக்குமேல் இருக்கும். குளிரில் எல்லாருக்கும் வயது குறைந்து தெரியும் என்று பிணவறை ஊழியர் சொன்னார். "உங்க ஆள் இல்லல்ல? சந்தோஷமா போங்க சார்" என்றார். நானும் சந்தோஷமாகத்தான் வெளியே வந்தேன். பிறகு வாசலில் உட்கார்ந்துகொண்டேன். அந்த மனிதரைத் தேடி யாரும் வரவில்லையாம்.

சோறு பொங்கு. சாப்பிடு.

தம்பி


ஜனவரி 23

தம்பிக்கு,

புது வருடத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. அதற்குப் பிறகு ஒன்று எழுதினேன், அதற்கும் இல்லை. உனக்கு உடம்புக்கு ஏதாவதா? உடம்புக்கு என்றால் ஒரு வரி எழுதச் சொல்லி யாரிடமாவது சொல்லியிருப்பாய். நீ கேலி செய்யாமல் ஒரு மாதம் இருந்ததில்லை.

எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. நீ எதையோ பார்த்துவிட்டாய்.

அவன் உயிரோடு இல்லை என்றால் அதையாவது எழுது. நான் விழமாட்டேன். பின்னுவதை நிறுத்திவிடுவேன், அவ்வளவுதான். இப்போது நிறுத்த முடியவில்லை. ஊசியைக் கீழே வைத்தால் அந்த நேரத்தில் அவன் எங்கோ குளிரில் நிற்கிறான் என்று தோன்றுகிறது. எடுத்தால் விரல் மடங்க மறுக்கிறது. ஒரு குல்லாவைப் பின்னி, பிடிக்காமல் பிரித்து, அதே நூலில் மறுபடி பின்னுகிறேன். அத்தான் எதிரில் உட்கார்ந்து அவிழ்ந்த நூலை உருண்டையாகச் சுற்றித் தருகிறார். யாருக்கு என்று அவர் கேட்பதில்லை.

எதுவாக இருந்தாலும் எழுது.

அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் விரல்களுக்கு ஒரு களிம்பு அனுப்புகிறேன், எங்கள் விடுதிக்கு வாரம் ஒருமுறை வரும் நர்சம்மா கொடுத்தது. நல்ல பெண்மணி. அதட்டித்தான் மருந்து போடுவார்.

எழுதாததற்கு மன்னித்துவிடு. வேலை அதிகம். பனி அதிகம். பனியைப் பற்றி எழுதலாம் என்றால் அது எல்லா இடத்திலும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. சமையல்காரர் ரசத்தில் புளியைக் குறைத்துவிட்டார், அதற்கு ஒரு துணைக்குழு அமைக்கலாமா என்று பேச்சு. தலைவியம்மாவுக்குச் சளி. ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்து அட்டை வைத்திருக்கிறோம். வேறு விசேஷம் இல்லை.

ஒரு சின்னச் சந்தேகம். முக்கியமானது இல்லை. நம் பையனுக்குச் சின்ன வயதில் நோவு வந்தது எந்தக் காதில்? இடது என்று நீ சொல்கிறாய். நிச்சயமாக இடதுதானா? யாரிடமாவது கேட்டுப் பார்க்க முடியுமா? சும்மாதான் கேட்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 13

அன்புத் தம்பிக்கு,

களிம்பு கிடைத்தது. அந்த நர்சம்மா நன்றாக இருக்கட்டும்.

நீ ரசத்தைப் பற்றியும் ஜன்னலைப் பற்றியும் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நீ ரசத்தைப் பற்றி எழுதுகிறவன் இல்லை.

கேட்கச் சொன்னாய். கேட்பதற்கு இந்த வீட்டில் ஒரே ஆள்தான். அவன் பெயரை இந்த வீட்டில் எடுத்து மூன்று வருடம். ஆனாலும் கேட்டேன். சின்னதில் அவனுக்கு எந்தக் காது என்றேன். அவர் பேப்பரை இறக்கவில்லை. "வலது" என்றார்.

இல்லை, இடது என்றேன். எனக்குத் தெரியாதா, எதிரில் உட்கார வைத்துத் தலையைப் பிடித்து எத்தனை தடவை அளந்திருக்கிறேன், இந்தக் கைப் பக்கம்தான் என்று இடது கையைத் தூக்கிக் காட்டினேன்.

"உனக்கு எதிர்ல உக்காந்தா அது அவனுக்கு வலது. சொட்டு மருந்து போட்டது நான். மடியில படுக்க வெச்சு ராத்திரி ராத்திரி போட்டேன்."

அப்படியென்றால் இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ கேக்கல" என்றார். பேப்பரின் பக்கத்தைத் திருப்பினார்.

தம்பி, உன்னிடம் நான் எதுவும் கேட்கப்போவதில்லை. நீ யாருக்காவது வாக்குக் கொடுத்திருந்தால் அதை நீ உடைக்க வேண்டாம். ஒரு குல்லா அனுப்புகிறேன். அவனுடைய பள்ளிக்கூட ஸ்வெட்டரைப் பிரித்துப் பின்னியது. இதுவரை அதை மட்டும் பிரிக்காமல் வைத்திருந்தேன். வலது காது என்று தெரிந்த பிறகும் என் கை என்னை நம்ப மறுக்கிறது, அதனால் இரண்டு காதுமூடியையும் நீளமாகப் பின்னிவிட்டேன். சிவப்புக் கோடு போடவில்லை. முன்பக்கம் பின்பக்கம் இல்லை. எப்படிப் போட்டுக்கொண்டாலும் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

யாருக்குப் பொருந்துகிறதோ அவருக்குக் கொடு.

அக்கா


மார்ச் 3

அக்கா,

உடம்பைப் பற்றி விசாரிக்காமல் தொடங்குகிறேன். உட்கார்ந்து படி.

டிசம்பர் கடைசியில் ஒருநாள் பின்வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தேன். தாடி வைத்த ஒருவன் வந்தான். உன் குல்லா, சிவப்புக் கோடு பின்னந்தலையில். நீளக் காதுமூடி வலது காதை மூடியிருந்தது, அதை ஒரு ஊக்கால் தாடைக்கடியில் இறுக்கியிருந்தான். எல்லாருக்கும் சொல்வதுபோல, "தம்பி, குல்லாவத் திருப்பிப் போடுப்பா" என்றேன்.

"எனக்கு இதுதாங்க நேர்" என்றான்.

கையிலிருந்த மண்வாரியைக் கீழே போட்டுவிட்டேன். அவன் ஓடப் பார்த்தான், என் முழங்காலையும் மீறிப் பிடித்துக்கொண்டேன். குல்லாவைப் பார்த்து உனக்கு ஒன்றும் தெரியவில்லையாடா என்று கேட்டேன். "கையில எடுத்ததுமே தெரிஞ்சுது மாமா. இவ்ளோ தப்பா வேற யாரு பின்னுவாங்க?" என்று சிரித்தான். நவம்பரிலேயே எடுத்துப் போயிருக்கிறான். நான் பார்த்த கைகளில் ஒன்று அவனுடையது.

உள்ளே வந்து தங்கினான். உனக்கு எழுதமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் வந்தான். எழுதினால் அன்றே போய்விடுவேன் என்றான். அதனால்தான் ரசத்தைப் பற்றி எழுதினேன். வலது காதில் மறுபடி சீழ். அந்தப் பக்கம் பேசினால் கேட்பதில்லை. நர்சம்மா வாராவாரம் சுத்தம் செய்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், இன்னொரு குளிரைத் தெருவில் கழித்தால் காதோடு போகாது என்று அவன் எதிரிலேயே அதட்டினார். அவன் கேட்காத காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டான்.

வீட்டுக்குப் போடா என்று தினமும் சொன்னேன். ஒருநாள் பதில் சொன்னான். "அப்பா சொன்னது பரவாயில்ல மாமா, அவரு தராசையே நம்பாதவரு. அம்மா கூடத்துல வந்து நின்னு, குல்லாவக்கூட நேராப் போடத் தெரியாதவன் எங்க உருப்படப் போறான்னாங்க. திரும்பிப் போனா அதை நேராப் போடணும்."

நீ அன்று அடுப்படியில் இருந்ததாக எழுதியிருந்தாய். சரி. நானும் ரசத்தைப் பற்றி எழுதியவன்தான்.

பிப்ரவரியோடு குளிர்காலம் முடிந்துவிட்டதாகச் சங்கம் தீர்மானம் போட்டுவிட்டது. கணக்கை முடிக்க வேண்டுமாம். வெளியே பனி முழங்கால் உயரம் கிடக்கிறது என்றேன். அது குறிப்பில் ஏறியது. கடைசி நாள் காலையில் எல்லாரையும் வாசலுக்கு வெளியே அனுப்பிப் பூட்டினார்கள். என் அறைக்கு வா என்று கையைப் பிடித்தேன். அங்கே வந்தால் உனக்குத் தெரிந்துவிடும் என்று கையை விடுவித்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் உன் குல்லா வந்தது. இரண்டு பக்கமும் பொருந்துகிற, சங்கத்து விதிக்கு உட்பட்ட முதல் குல்லா. சங்கம்தான் பூட்டியிருக்கிறது.

அன்றிலிருந்து தேடுகிறேன். பாலத்தடி, ரயில் நிலையம், மார்க்கெட் கொட்டகை. குல்லாவைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன். என் வாக்கு உடைந்துவிட்டது, ஆளும் இல்லை.

தம்பி


மார்ச் 12

எண்: 1 / வீடு

அனுப்புநர்: எடை அளவு ஆய்வாளர் (ஓய்வு)
பெறுநர்: மனைவியின் தம்பி, பண்டகக் காப்பாளர்
பொருள்: வாசற்படி தொடர்பான வாய்மொழி உத்தரவு, ரத்து செய்தல்

தங்கள் நலம் விசாரிக்கப்படுகிறது. இங்கு இருவரும் உள்ளோம்.

தாங்கள் தங்கள் அக்காவுக்கு எழுதிய கடிதத்தில் கோப்பு எண் இல்லை. இருப்பினும் படித்தேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என்னால் கூடத்தில் வைத்துப் பிறப்பிக்கப்பட்ட உத்தரவு இதன்மூலம் முழுமையாக ரத்து செய்யப்படுகிறது. அது பிறப்பிக்கப்பட்டபோதே செல்லாது என்பது பின்னர் தெரியவந்தது. அதே இடத்தில் வேறு ஒருவர் கூறிய சொற்களும் சேர்த்து ரத்து செய்யப்படுகின்றன. அவரால் எழுத இயலாத காரணத்தால் நானே எழுதுகிறேன்.

சம்பந்தப்பட்டவர் விண்ணப்பமோ விளக்கமோ அளிக்கத் தேவையில்லை. வேலை பற்றிக் கேட்கப்படமாட்டாது. குல்லாவை அணியும் முறை அவருடைய விருப்பத்துக்கு உட்பட்டது. வலது காதில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பஞ்சு வைக்கலாம். சொட்டு மருந்து போடும்போது பாட்டிலை முதலில் உள்ளங்கையில் வைத்துச் சூடு செய்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அவனுக்குத் தலை சுற்றும்.

வாசற்கதவு தற்போது திறந்து வைக்கப்பட்டுள்ளது. குளிர் உள்ளே வருகிறது. எனவே விரைந்து ஆவன செய்யவும்.

இதை உரியவரிடம் சேர்த்து, பெற்றுக்கொண்டமைக்கு ஒப்புதல் வாங்கி அனுப்பவும்.

(ஒப்பம்)

தம்பி, இதை அவர் எத்தனை முறை எழுதிக் கிழித்தார் என்று சொல்லமாட்டேன். அவன் சொன்னது உண்மை. நான் அடுப்படியில் இல்லை. வேறு எழுத வரவில்லை. அக்கா.


மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு, அத்தானுக்கு,

இருவரும் கதவை மூடிக்கொண்டு படுங்கள். தாழ் மட்டும் போடாமல் விட்டால் போதும். அவனுக்காகத் திறந்து வைத்து நீங்கள் ஜன்னி கண்டு படுத்தால் அதற்கும் ஒரு சங்கம் வைக்க வேண்டியிருக்கும்.

அவனை நான் பார்க்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

விடுதி பூட்டிக் கிடந்தாலும் பின்வாசல் கூரைக்கடியில் சிலர் வந்து ஒதுங்குவதாகச் சமையல்காரர் சொன்னார். நானும் போய்க் காத்திருந்தேன். வந்தவர்களெல்லாம் என்னைப் பார்த்ததும் கலைந்தார்கள். பண்டகக் காப்பாளன் என்றால் எதையோ திரும்ப வாங்க வந்திருப்பான் என்ற பயம். "நீங்க நின்னா எவனும் வரமாட்டான், போய்ப் படுங்க" என்றார் சமையல்காரர்.

அதனால் அத்தானின் உத்தரவை நாலாக மடித்துப் புதுக் குல்லாவுக்குள் வைத்து, குல்லாவைப் பின்வாசல் கம்பியில் கட்டிவிட்டு வந்தேன். செய்த பிறகு என்னை நானே திட்டிக்கொண்டேன். நல்ல கம்பளி, குளிர்காலம் முடிந்ததாகத் தீர்மானம் போட்ட ஊர். யார் கை முதலில் படுகிறதோ அவருடையது. உத்தரவு அடுப்பு பற்றவைக்கப் போயிருக்கும்.

இன்று விடிந்ததும் போனேன். கம்பியில் புதுக் குல்லா இல்லை. அதே இடத்தில் அதே முடிச்சில் வேறொரு குல்லா தொங்கியது. பச்சையில் தொடங்கி ஊதாவில் முடிவது. நீளக் காதுமூடியில் ஊக்கு குத்தியிருந்தது. சிவப்புக் கோடு தெருவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து இருந்தது.

பனியில் காலடி எதுவும் மிஞ்சவில்லை. எங்கே போனான் என்று தெரியவில்லை. உங்கள் பக்கம் போகும் ரயில் காலையில் ஒன்று உண்டு, இங்கிருந்து வேறு பக்கங்களுக்கும் ரயில்கள் போகின்றன என்பதும் தெரியும். இன்றும் கூரைக்கடியில் போய் நிற்பேன். இந்த முறை சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு.

அத்தான் ஒப்புதல் கேட்டிருந்தார். அந்தப் பழைய குல்லாவைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். துவைக்கவில்லை.

தம்பி